சாமி வேட்டைக்குப் போன நேரம் நான் எங்கே இருந்தேன்

மாணவர்களுக்கான ஆய்வுக் கட்டுரைப் பரிசு ஒன்றுக்கு நான் முதலில் அனுப்பிய கட்டுரையில், எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் சாமி வேட்டைக்குப் போவதைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் இருந்தது. நடுராத்திரியில் நடக்கிற சாமக்கொடையில், சாமி வந்து ஆடுகிற கோமரத்தாடி வல்லயம் என்கிற ஈட்டியைக் கையில் வாங்குவது, பந்தம் பிடிக்கிறவர் முன்னே ஓடுவது, இருட்டில் சுடுகாடு வரை போவது, அங்கே நடப்பது, திரும்பி வருவது என்று வரிசையாக எழுதியிருந்தேன். அதில் ஒரு வரிகூட நான் கண்ணால் பார்த்தது கிடையாது. எங்கள் ஊரில் பெண்கள் வேட்டைக்குப் போகக் கூடாது, சாமி போகிற பாதையில் எதிரே வரவும் கூடாது. சித்தப்பாவும் அண்ணன்மாரும் சொன்னதைக் கேட்டு, ஏற்கெனவே அச்சில் வந்த ஆய்வுகளில் இருந்ததையும் சேர்த்து, கூடவே போன மாதிரி எழுதி வைத்துவிட்டேன். பொய் எழுதுகிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை, ஆய்வுக் கட்டுரை என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கட்டுரைக்குப் பரிசு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத வந்தேன், ஏனென்றால் பாளையங்கோட்டையிலும் மதுரையிலும் நாட்டார் வழக்காற்றியல் படிக்கிற தம்பி தங்கைகள் நாலைந்து பேர் இந்த மாதிரிப் பரிசுகளுக்கு எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று பட்டது.

முதலில் அந்தப் பரிசைப் பற்றி. 1888ல் தொடங்கிய அமெரிக்க நாட்டார் வழக்காற்றுக் கழகத்துக்குள் பல பிரிவுகள் உண்டு. அவற்றில் ஒன்று நாட்டார் நம்பிக்கைகளுக்கும் மக்களின் சமய வாழ்க்கைக்கும் உரியது. அந்தப் பிரிவு மாணவர் கட்டுரைக்குத் தருகிற பரிசுக்கு டான் யோடர் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். யோடர் 1921ல் பிறந்தவர், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பாடம் நடத்தியவர், 2015ல் மறைந்தார். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களின் உணவு, உடை, ஓவியம், வைத்தியம், வழிபாடு என்று ஒன்றைக்கூட விடாமல் ஆராய்ந்த மனிதர்.

அந்த ஜெர்மானியர்களிடம் பிரௌகெரெய் என்று ஒரு வைத்தியம் இருந்திருக்கிறது. நோய் வந்த இடத்தில் கை வைத்து, பைபிள் வார்த்தைகளையும் மந்திரம் போன்ற சில வரிகளையும் முணுமுணுத்துக் குணமாக்குவது. ஆண் ஒருவர் பெண்ணுக்குத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும், பெண் ஆணுக்குத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கள் ஆச்சி பிள்ளைகளுக்கு வேப்பிலையால் ஓதி விடுவாள், அடுத்த தெருப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிவாசல் வாசலில் மாலையில் நின்று, ஓதிக் கொடுக்கிற தண்ணீரை வாங்கி வருவாள், இரண்டும் அவளுக்கு ஒரே மாதிரி நம்பிக்கைதான். இதெல்லாம் ஆராய்ச்சிக்கு ஆகுமா என்ற கூச்சம் எனக்குள் இருந்தது. யோடரைப் படித்த பிறகு அது போய்விட்டது.

1974ல் அவர் நாட்டார் சமயத்துக்கு ஒரு வரையறை எழுதினார். மேலிருந்து வகுத்த இறையியலுக்கும் சடங்கு முறைக்கும் வெளியிலும் அவற்றுக்குப் பக்கத்திலேயும் மக்களிடம் இருக்கிற சமயக் கருத்துகள், வழக்கங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அது என்பது அதன் சாரம். 1995ல் லியோனார்ட் பிரிமியானோ என்கிற இன்னொரு ஆய்வாளர் இதோடு விவாதித்தார். அதிகாரபூர்வ சமயம் ஒரு பக்கம், நாட்டார் சமயம் இன்னொரு பக்கம் என்று பிரிப்பதே சரியில்லை, எந்த மனிதரும் புத்தகத்தில் உள்ள சமயத்தை அப்படியே வாழ்வதில்லை, ஒவ்வொருவரும் தனக்குப் புரிந்தபடிதான் வாழ்கிறார், ஒரு பாதிரியார்கூட அப்படித்தான் என்றார். இந்த விவாதம் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். பெருந்தெய்வம், சிறுதெய்வம் என்று நாமும் பிரித்துத்தானே வைத்திருக்கிறோம்.

இந்த இடத்தில் எனக்கு ஓர் அடி விழுந்தது. முதல் கட்டுரையில் சுடலைமாடனை ஆங்கிலத்தில் 'சிறுதெய்வம்' என்று பொருள்படும் சொல்லாலேயே பத்துப் பதினைந்து இடங்களில் எழுதியிருந்தேன். கட்டுரையை அனுப்பிய பிறகு, சரி, ஊரில் ஒருவருக்காவது படித்துக் காட்டுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் சித்தப்பாவைக் கூப்பிட்டு, இரண்டு பக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கள் தலைமுறையில் கோயில் காரியங்களை முன்னால் நின்று பார்க்கிறவர் அவர்தான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சிறுதெய்வம்னு சொல்லுதியே, யாருக்கும்மா சிறுசு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது இன்னும் வலித்தது. அவருடைய அப்பா, தாத்தா, அவருக்கும் மேலே பெயர் தெரியாத எத்தனையோ பேர் நிலத்தை, பிள்ளையை, கிணற்றுத் தண்ணீரை நம்பி ஒப்படைத்த சாமியை நான் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சின்னச் சாமி என்று அறிமுகப்படுத்தி வைத்திருக்கிறேன்.

அதனால் நான் சொல்கிற முதல் காரியம் இதுதான். நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவர்களில் ஒருவராவது, பரிசுக்குழு பார்ப்பதற்கு முன்னால், கட்டுரையைக் கேட்டிருக்க வேண்டும். மொத்தமும் கேட்க வேண்டும் என்றில்லை, அவர்களுடைய சாமியையும் அவர்களையும் என்ன பெயரால் அழைத்திருக்கிறீர்கள் என்பது வரைக்குமாவது கேட்டிருக்க வேண்டும்.

பரிசு கிடைக்காத செய்தி ஒரு மரியாதையான மின்னஞ்சலாக வந்தது, விளக்கம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் இப்படித்தான் வரும், அதனால் கருத்து சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். நான் கட்டுரையை எடுத்துக்கொண்டு போய் எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழ்நாடு தெரியாது. அடுத்த வாரம் திரும்பக் கொடுத்தபோது அந்த மூன்று பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே கேள்விதான் எழுதியிருந்தார்: இந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்?

அன்று இரவு கள நோட்டை எடுத்தேன். கொடை நடந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பந்தலுக்கடியில் உட்கார்ந்து கிறுக்கிய பக்கங்கள், பாதியில் மஞ்சள் கறை. வேட்டை நடந்த அந்த முக்கால் மணி நேரத்துக்கு நோட்டில் நாலே வரி. "லைட் அணைச்சாச்சு. ஆச்சி என் தலைய அமுக்குறா. அத்தை மடியில மாமா சட்டை, வாட்ச். மணிச் சத்தம், எல்லாரும் எந்திரிக்கோம்." நடுவில் என்னென்ன நடந்தது என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றாக வந்தது.

வில்லுப்பாட்டு நின்றுவிட்டது. மேளமும் நின்றுவிட்டது. சவுண்ட் சர்வீஸ் பையன் ஜெனரேட்டரை நிறுத்தினான், ட்யூப்லைட் எல்லாம் அணைந்து பீடத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு மட்டும் எரிந்தது. பெண்கள் எல்லோரும் பொங்கல் அடுப்புகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தோம். "ஏட்டி, அந்தப் பக்கம் பாக்காத" என்று ஆச்சி என் பிடரியில் கை வைத்துக் குனிய வைத்தாள். யாரும் பேசவில்லை. ஒரு குழந்தை சிணுங்க, அதன் அம்மா சேலைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டாள். எனக்குப் பக்கத்தில் அத்தை. அவளுடைய வீட்டுக்காரர்தான் கோமரத்தாடி. அவர் கச்சை கட்டுவதற்கு முன் கழற்றிக் கொடுத்த சட்டையை நாலாக மடித்து மடியில் வைத்து, அதற்கு மேலே அவருடைய கைக்கடிகாரத்தையும் செல்போனையும் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். மணி பார்க்கவில்லை. கடிகாரத்தின் வாரை மட்டும் விரலால் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

தூரத்தில் மணிச் சத்தம் கேட்டது. அத்தைதான் முதலில் எழுந்தாள். "சாமி வருது, எந்திரிங்க" என்றாள். பந்த வெளிச்சம், அதற்குப் பின்னால் வேர்த்து வடிந்த உடம்போடு அவர். அத்தை கையெடுத்துக் கும்பிட்டு, குனிந்து திருநீறு வாங்கினாள், "சாமி, பிள்ளைகளைக் காப்பாத்தும்" என்றாள். அவர் யாரையும் பார்க்காமல் எல்லோரையும் பார்த்தார். அப்புறம் தீபாராதனை, குறி சொல்வது எல்லாம் முடிந்து, சாமி மலையேறியது. அவர் பந்தல் காலைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தார். அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, தோளைத் தொட்டு, "என்னங்க, சட்டையப் போடுங்க, பனி விழுது" என்றாள்.

இதை நான் அன்றைக்கே பார்த்தேன், ஒரு வரி எழுதியும் வைத்தேன், ஆனால் இது கட்டுரைக்கான விஷயம் என்று நினைக்கவில்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால் 'சாமி', இப்போது 'என்னங்க'. அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் எப்போது, எதை வைத்து அவள் மாறினாள்? அவளுக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஓர் அடையாளம் இருந்திருக்கிறது. இரண்டாவது கட்டுரை முழுக்க இந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. வேட்டை இரண்டு பத்தியாகச் சுருங்கியது, அதிலும் இது நான் கேட்டது, இன்னார் சொன்னது என்று வெளிப்படையாக எழுதினேன். காத்திருக்கிற பெண்கள் நடுவுக்கு வந்தார்கள்.

அடுத்த பெரிய விஷயம் சொற்கள். ஆங்கிலத்தில் பொசஷன், அதாவது ஆட்கொள்வது, என்று ஒரே சொல் போட்டு எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள், நானும் முதல் கட்டுரையில் அதையே போட்டேன். நம் ஊரில் பேய்தான் பிடிக்கும், சாமி வரும். சாமி இறங்கும், அருள் வரும், ஆடும், மலையேறும். பேயை விரட்ட வேண்டும், சாமியை வழியனுப்ப வேண்டும். எங்கள் ஊரில் யாராவது 'மாமாவைச் சாமி பிடிச்சிருக்கு' என்று சொன்னால் பைத்தியமா என்று பார்ப்பார்கள். இந்த வினைச்சொற்களை வரிசையாக எடுத்து வைத்தாலே போதும், உடம்புக்கும் தெய்வத்துக்கும் என்ன உறவு என்று மக்கள் நினைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். இரண்டாவது முறை நான் தமிழ்ச் சொல்லையே வைத்து, முதல் தடவை வருகிற இடத்தில் இரண்டு வாக்கியத்தில் விளக்கி, அதற்குப் பிறகு மொழிபெயர்க்காமல் அப்படியே ஓட விட்டேன். படிக்கிறவர் ஐந்தாறு தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொண்டுதான் கட்டுரையை முடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதம் சரியானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அளவு முக்கியம், இருபத்தைந்து சொல்லைத் திணித்தால் யாரும் பின்னால் வர மாட்டார்கள்.

நம்புகிறாயா இல்லையா என்று கட்டாயம் கேட்பார்கள். மாநாட்டில் கேட்பார்கள், சக மாணவர்கள் காப்பி குடிக்கும்போது கேட்பார்கள். இந்த விஷயத்தில் எனக்கு உதவியவர் டேவிட் ஹஃபர்ட் என்கிற அமெரிக்க ஆய்வாளர். கனடாவில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து மக்கள் தூக்கத்தில் ஏதோ ஒன்று நெஞ்சில் ஏறி அமுக்குவதைப் பற்றிச் சொன்னதை எடுத்து ஆராய்ந்து 1982ல் வெளியிட்டார். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்கிறோமே, அதேதான். மக்கள் சொல்கிற அனுபவத்தை, காரணம் சொல்லி ஒதுக்குவதற்கு முன்னால், முழுதாகக் காது கொடுத்துக் கேள் என்பதுதான் அவர் போட்ட பாதை. சாமி உண்மையிலேயே வந்ததா, மனநிலையா, நடிப்பா என்று தீர்ப்புச் சொல்வது என் கட்டுரையின் வேலை இல்லை. அதே நேரம், எனக்கும் அந்த மணிச் சத்தத்தில் உடம்பு சிலிர்த்தது என்பதை மறைக்கவும் வேண்டியதில்லை. ஒரே ஒரு வாக்கியத்தில் எழுதினேன்.

கோட்பாடு எவ்வளவு வேண்டும் என்பதுதான் எல்லோரும் அதிகம் கேட்கிற கேள்வி. என் முதல் கட்டுரையில் முதல் எட்டுப் பக்கம் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதுதான். கொடை ஒன்பதாம் பக்கத்தில்தான் தொடங்கும். இரண்டாவது கட்டுரை அத்தையின் மடியில் தொடங்கியது. பிரிமியானோ நான்காம் பக்கத்தில் வந்தார், அதுவும் அவர் இல்லாமல் அந்த இடத்தை விளக்க முடியாது என்பதால் வந்தார். யாருடைய பெயரை எடுத்துவிட்டாலும் உங்கள் வாதம் அசையாமல் நிற்கிறதோ, அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். ஆனால் தமிழில் வேலை செய்தவர்களை விட்டுவிடாதீர்கள். நா. வானமாமலை 1969ல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கி, பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு கதைப்பாடல்களையும் வழிபாடுகளையும் பதிவு செய்தார். அழகர் கோயிலைப் பற்றித் தொ. பரமசிவன் செய்த வேலை இருக்கிறது. வெளிநாட்டுப் பரிசுக்கு எழுதும்போது நம் ஆட்களின் தமிழ் ஆய்வுகளைச் சொன்னால் எடுபடாது என்று ஒரு பயம் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. அது தவறு, அங்கே படிக்கிறவர்களுக்குக் கிடைக்காத ஒன்றை நீங்கள் கொண்டுவருகிறீர்கள்.

சாதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் கட்டுரையில் பந்தம் பிடிக்கிறவரை 'ஒருவர்' என்று எழுதினேன். அவர் யார், அவர் குடும்பம் ஏன் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்கிறது, அவருக்கு எந்த இடத்தில் எப்படி மரியாதை, எந்த இடம் வரை வரலாம் என்ற எதையும் எழுதவில்லை. வெட்கத்தில் விட்டேன் என்பதுதான் உண்மை, எங்கள் சொந்தக் கோயில் அது. மகுடம் என்கிற தோல்கருவியை அடிக்கிற கணியான் கூத்துக் கலைஞர்களைப் பற்றியும் அழகழகாக எழுதினேனே தவிர, சாமிக்காக அவர்கள் கையைக் கீறி ரத்தம் கொடுப்பதை யாருடைய உடம்பு, ஏன் அந்த உடம்பு என்று கேட்கவில்லை. கொடையை ஊர் ஒற்றுமை என்று மட்டும் எழுதுகிற கட்டுரைகளைப் படித்தால் இப்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

பதிவு செய்வதில் நடந்த ஒரு நஷ்டத்தையும் சொல்கிறேன். முதல் வருடம் ரெக்கார்டரை வில்லுக்கு நேர் முன்னால் வைத்தேன். பக்கத்திலேயே குழாய் ஸ்பீக்கர். மூன்று மணி நேரப் பாட்டில் குடமும் இல்லை, உடுக்கையும் இல்லை, கரகரப்பு மட்டும்தான். அடுத்த வருடம் சவுண்ட் சர்வீஸ் தம்பியிடம் முந்தின நாளே பேசி, அவனுடைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயர் இழுத்து என் ரெக்கார்டரில் சொருகிக்கொண்டேன், இன்னொரு சின்ன ரெக்கார்டரைக் குடம் அடிக்கிறவருக்குப் பின்னால், ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி வைத்தேன். இரண்டும் சேர்ந்தபோதுதான் பாட்டு பாட்டாகக் கேட்டது. அந்தத் தம்பிக்குக் கட்டுரையில் நன்றி சொன்னேன்.

அனுமதி வாங்குகிற விஷயத்தில் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு கையெழுத்துப் படிவம் கேட்கும். எங்கள் ஊரில் அச்சடித்த காகிதத்தில் கையெழுத்து என்றால் பத்திரம், வட்டி, போலீஸ் இந்த மூன்றுதான் ஞாபகத்துக்கு வரும். ஆகவே வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்துகொள்கிறேன் என்று காரணத்தோடு முன்கூட்டியே எழுதிக் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். களத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்பதும் பிறகுதான் புரிந்தது. சாமி பெயர், கிழமை, மாதம், தாலுகா நான்கையும் எழுதிவிட்டுக் கோமரத்தாடி பெயரை மட்டும் மாற்றினால் அந்தச் சுற்று வட்டாரத்தில் யாருக்கும் தெரிந்துவிடும். இங்கேயும் ஊர் பெயரைச் சொல்லாமல் விட்டது அதனால்தான். அத்தையிடம் சட்டை, கடிகாரம் எழுதியதைச் சொல்லிக் கேட்டேன். "எழுதிக்கோ" என்றாள். ஆனால் அவள் பேசியதில் வேறொரு விஷயத்தை, "அது நமக்குள்ள இருக்கட்டும்" என்றாள். கட்டுரைக்கு அது பெரிய பலமாக இருந்திருக்கும். எடுத்துவிட்டேன்.

மற்றவை சில்லறை வேலை, ஆனால் இதில் தவறி வெளியே போனவர்களை எனக்குத் தெரியும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பை மட்டும் பாருங்கள், போன வருட விதியை நம்பாதீர்கள். மாணவர் என்றால் யார், உறுப்பினராக இருக்க வேண்டுமா, ஏற்கெனவே வெளியான கட்டுரை ஆகுமா, சொல் எண்ணிக்கையில் அடிக்குறிப்பும் சேருமா, பெயரை நீக்கி அனுப்ப வேண்டுமா என்பதைத் தெளிவு செய்துகொள்ளுங்கள். பெயரை நீக்கச் சொன்னால் கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கிற பெயரையும் நீக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் எழுதிக் கேளுங்கள், பதில் சொல்வார்கள். பருவக் கட்டுரையை அப்படியே அனுப்பாதீர்கள், அது ஆசிரியருக்காக எழுதியது, நீங்கள் பாடத்தைப் படித்தீர்கள் என்று காட்டுவதற்காக எழுதியது. இறுதி வடிவத்தை உரக்கப் படித்துப் பாருங்கள். நான் படித்தபோது மூச்சு வாங்கிய இடங்கள் எல்லாம் எனக்கே சரியாகப் புரியாமல் எழுதிய இடங்கள்.

இரண்டாவது கட்டுரைக்கு எங்கள் துறையிலேயே தருகிற ஒரு சின்ன மாணவர் பரிசு கிடைத்தது. பெரிய தொகை இல்லை. அந்த வருடம் கொடைக்குக் கால் நாட்டுவதற்கு முன்னால் சித்தப்பாவைக் கூப்பிட்டு, என் பெயரிலும் கோயில் வரி எழுதிக்கொள்ளுங்கள் சித்தப்பா, பணம் அனுப்புகிறேன் என்றேன். "வரி ஆம்பளப் பிள்ளைகளுக்குத்தாம்மா, தலைக்கட்டுக் கணக்கு" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ வேணும்னா பந்தத்துக்கு எண்ணெய் வாங்கிக் கொடு" என்றார். பதினைந்து லிட்டர் டின் ஒன்றுக்குப் பணம் அனுப்பினேன். அன்று ராத்திரி அத்தைதான் வீடியோ காலில் காட்டினாள், பந்தம் பிடிக்கிறவர் துணிச் சுற்றை அந்த டின்னுக்குள் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் லைட்டை அணைக்கப் போறாங்க என்று சொல்லி அத்தை போனை வைத்துவிட்டாள்.